ஈர மரங்களில் விளக்கு

அப்புக்குட்டன் ஒடித்துவரப் போன தழை ஏற்கெனவே சாலையில் கிடந்தது.

வெள்ளறடையிலிருந்து உதியன்குளங்கரைக்கு இறங்கும் சாலையில், இருபுறமும் ரப்பர் தோட்டம் நெருங்கிவந்து வானத்தை ஒரு கிழிசலாகக் குறைத்துவிடும் இடத்தில், அவனுடைய பழைய அம்பாசடர் நீண்ட முனகலோடு வேகம் குறைந்து, முகப்பிலிருந்து ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பக்கங்களில் வழியில் நின்றுபோகும் எந்த வண்டிக்கும் முதலில் செய்யப்படுவது ஒன்றுதான்: பின்னால் வருகிறவன் வளைவு திரும்பியதும் காணும்படி ஒரு பச்சைக் கிளையை ஒடித்துச் சாலையில் போடுவார்கள், தழையைக் கண்டவன், அதற்கு அப்பால் ஒரு வண்டி செயலற்றுக் கிடக்கிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிப் போவான். அப்புக்குட்டனும் அதற்காகத்தான் டார்ச்சோடு இறங்கிப் பின்னால் நடந்தான். பின்னிருக்கையில் இருந்த பிரேமகுமாரி, அந்த வெளிச்சம் சாலையோரத்துக்கு விலகாமல் நடுச்சாலையிலேயே நின்றுவிட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஏதோ தோன்றி, அவளும் இறங்கிப் போனாள்.

ஈரத் தாரின் மேல் ரப்பர்க் கிளை ஒன்று குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. காற்றில் விழுந்ததல்ல. இலைகள் வருகிறவனைப் பார்க்க, தண்டு வண்டியைப் பார்க்க, அது இருக்கவேண்டிய தூரத்தில், அது இருக்கவேண்டிய விதத்தில் இருந்தது.

"கண்டியளா சிஸ்டரே, நம்ம வாறது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. தழை வச்சு வரவேற்பு ஆக்கும்" என்றான் அப்புக்குட்டன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். வெட்டப்பட்ட நுனியில் வெள்ளைப் பால் திரண்டு, கனத்து, கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் மீண்டும் திரண்டது.

"பால் இன்னும் நிக்கல்லையே அண்ணா. இப்பம் வெட்டினது மாதிரி இருக்கு."

"ஏதாவது லாரி நின்னிருக்கும். ரிப்பேரை நேராக்கி எடுத்திட்டுப் போயிருப்பான். தழையை எடுத்து ஓரமாப் போடணும்னு எவனுக்குத் தோணுது? ஆசுபத்திரியில ரெத்தம் பாத்துப் பாத்து, சிஸ்டரு இப்பம் மரத்துக்கும் பிளீடிங் பாக்கியளா?"

அவன் டார்ச்சை அணைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தான். அவள் அவனுக்குப் பின்னால், இரண்டொரு முறை திரும்பிப் பார்த்தபடி, நடந்தாள். நின்றுபோன லாரி என்றால் சக்கரத்துக்கு வைத்த கல் கிடக்கும், எண்ணெய் சிந்தியிருக்கும், பீடித்துண்டு கிடக்கும். தார் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் அவள் செவிலி. காலைமுறை ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் பேருந்தை நம்பினால் எப்போதும் தாமதம். ஆகவே வெள்ளறடைப் பக்கத்திலிருந்து போகும் செவிலியர் அப்புக்குட்டனின் வண்டியை மாத வாடகைக்குப் பேசியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளாக அவளும் ரத்னபாயும் இந்தப் பின்னிருக்கையில் பாதித் தூக்கத்தில் இதே இருட்டைக் கடந்திருக்கிறார்கள். இன்று ரத்னபாய் விடுப்பு. தனியாக அவனோடு வருவது இதுவே முதல் தடவை. வீட்டில் கிளம்பும்போதே அந்த எண்ணம் சேலை மடிப்பில் சிக்கிய முள்ளைப்போல எங்கோ உறுத்திக்கொண்டிருந்தது.

அப்புக்குட்டன் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நல்லவன் என்றும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. சாராயம் தடைசெய்யப்பட்ட அந்த ஆண்டில், எல்லைக்கு அப்பாலிருந்து ஸ்பிரிட் கேன்கள் வாடகைக் கார்களின் டிக்கியில்தான் வருகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருநாள் மேடுபள்ளத்தில் பின்னால் ஏதோ தளும்புவதைக் கேட்டதாக ரத்னபாய் சொல்லியிருந்தாள். அதற்குமேல் அவனுடைய வாய். எதைச் சொன்னாலும் அதில் ஒரு கிண்டல். அவனுடைய பேரன் பிஜுவின் பிறப்பைக்கூட, "சிஸ்டரு அன்னைக்கு அடிச்ச அடியில பயல் இன்னும் அழுதிட்டுத்தான் இருக்கியான்" என்றுதான் சொல்வான். மரியாதையாகப் பேசத் தெரியாத மனிதனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது என்பது பிரேமகுமாரியின் எண்ணம். அவன் இந்த இடத்தில்தான் நிற்கவேண்டும் என்று முன்பே முடிவுசெய்திருந்தால்? தழையை வைத்தவர்கள் அவனுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால்? கழுத்துச் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அவன் முன்மூடியைத் தூக்கி, ஆவியை முகத்திலிருந்து விசிறி விலக்கினான்.

"ஃபேன் பெல்ட் போச்சு. பழையது ஒண்ணு டிக்கியில உண்டு, அதை மாட்டிரலாம். வெள்ளம்தான் இல்லை. ரேடியேட்டர் வத்திப்போய்க் கிடக்கு."

"டிக்கியில வேற என்ன உண்டு?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"சிஸ்டருக்கு வேணும்னா தொறந்து பாக்கலாம். இன்னைக்கு ஸ்டெப்னி டயர் மட்டும்தான், ஸ்பிரிட்டு ஸ்டாக் இல்லை."

அவள் முகம் சூடாயிற்று. அந்தப் பேச்சு ஒப்புதலா, மறுப்பா, கிண்டலா என்று பிரித்தறிய முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் விளக்குகளைக் கண்டாள். 

தோட்டத்தின் சரிவுக்குக் கீழே, மரவரிசைகளுக்கு நடுவில், நெற்றி உயரத்தில் சிறுசிறு வெளிச்சங்கள் அசைந்தன. ஒன்று ஒரு மரத்தருகே நின்றது. சற்றே தாழ்ந்து, சாய்வாக இறங்கி, நிமிர்ந்தது. அடுத்த மரத்துக்கு நகர்ந்தது. அதற்கு அடுத்த வரிசையில் இன்னொன்று. அதற்கும் அப்பால், மூட்டம் மங்கலாக்கிய தொலைவில், மேலும் பல. விடியுமுன் இந்த மண்ணில் கண்விழித்த எவரும் அறிந்த காட்சி அது: நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள். இருட்டில் வழி தவறியவனும், பாம்பு தீண்டியவனும், வண்டி நின்றுபோனவனும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஓடுவான். வெட்டுகாரனின் விளக்குக்கு இந்தப் பக்கத்தில் யாரும் அஞ்சியதில்லை.

"ஆளு உண்டு. நம்ம தப்பிச்சோம்" என்றான் அப்புக்குட்டன்.

பிரேமகுமாரி தன் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் பொன்னப்பன் வெட்டுகாரன். இன்று வழக்கம்போல எழுந்து, கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டினான். முந்தின மாலை தொடங்கிய ஐப்பசித் துலாமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தென்னையிலிருந்து நீர் சொட்டும் ஓசையைக் கேட்டுவிட்டு, மகள் நீதுவின் பக்கத்தில் போய் மறுபடி படுத்துக்கொண்டான். பட்டை நனைந்த மரத்தில் வெட்டினால் பால் சிரட்டைக்கு இறங்காது, மரமெங்கும் பரந்து வழிந்து வீணாகும். மழை பெய்த காலையில் இந்த நாட்டில் ஒரு வெட்டுகாரனும் எழுவதில்லை.

"அண்ணா, ராத்திரி முழுக்க மழை. நனைஞ்ச மரத்துல எவன் வெட்டுவான்?"

"பிளாஸ்டிக் கட்டியிருப்பாங்க."

"எங்க கட்டியிருக்கு? பாருங்க."

டார்ச் வெளிச்சம் சாலையோர மரங்களின் மேல் ஏறி இறங்கியது. ஒரு மரத்திலும் மழைமறைப்பு இல்லை. பட்டைகள் கறுத்து, நீர் இழைந்து, மின்னின.

"உள்ள இருக்கிய மரத்துல கட்டியிருக்கும். சிஸ்டரே, எனக்கு வேண்டியது வெள்ளமாக்கும், அவனுவளுக்க ஜாதகம் இல்லை." அவன் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டான். "உள்ள கேறிக் கதவெல்லாம் பூட்டிக்கிடுங்க. பேடி தோணினா ஹார்ன் அடியுங்க, ஓடி வந்திருதேன். என்னைக் கண்டு பேடி தோணினாலும் அடியுங்க, ஓடிப் போயிருதேன்."

சாலையின் இடப்பக்கத்துச் சரிவில் அவன் இறங்கினான். செருப்புக்கு அடியில் ஈரச் சருகு நசுங்கும் ஓசை சற்றுநேரம் கேட்டது. டார்ச்சின் மஞ்சள் வட்டம் மரங்களுக்கு இடையே மறைந்தும் தெரிந்தும் சென்றது. அவள் வண்டிக்குள் ஏறி, நான்கு கதவுகளையும் பூட்டி, முன்னிருக்கையின் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டி, ஹார்ன் எட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். எட்டியது.

அதன்பின் வெகுநேரம் கேட்பது மட்டுமே அவளுடைய வேலையாக இருந்தது. சூடான இரும்பு குளிரும்போது எழும் சிறு சொடுக்குகள். இலையிலிருந்து இலைக்கு இறங்கிக் கூரைமேல் விழும் நீர். அணைந்துபோன புகைக்கூடத்திலிருந்து வருவதுபோன்ற ரப்பர் ஷீட்டின் கரி மணம். அதற்கு அடியில், நாள்பட்டுப் புளித்த பாலின் வாடை. தோட்டத்துக்குள்ளிருந்து மட்டும் எந்த ஓசையும் வரவில்லை. பொன்னப்பனோடு சிரட்டை துடைக்கப் போன நாட்களில் அவள் அறிந்த ஓசைகள் பல உண்டு: பட்டையில் கத்தி இழையும் 'ஸ்ர்ர்' என்ற ஒலி, சிரட்டை கம்பியில் உரசுவது, வாளியின் கைப்பிடி, ஒருவன் இருமினால் அடுத்த வரிசைக்காரன் அதற்குச் சொல்லும் பதில். இங்கே இத்தனை விளக்குகள். ஒருவன் இருமவில்லை.

டார்ச் வட்டம் விளக்குகளை நெருங்கியது. நின்றது. பேச்சுக்குரல் எழும் என்று காத்திருந்தாள். எழவில்லை. விளக்குகளும் நின்றன. முன்னால் இருந்தவை, பின்னால் இருந்தவை, தொலைவில் மூட்டத்தில் கரைந்திருந்தவை, எல்லாமே ஒரே கணத்தில் அசைவற்று நின்றன. பிறகு மஞ்சள் வட்டம் அணைந்தது.

விளக்குகள் மீண்டும் நகரத் தொடங்கின. மரத்துக்கு மரம். தாழ்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து.

அவனும் அவர்களோடு சேர்ந்தவன்தான் என்று அவள் மனம் சொன்னது. போய்ச் சொல்லியாயிற்று, ஒருத்திதான், கழுத்தில் சங்கிலி, வண்டி சாவியில்லாமல் கிடக்கிறது என்று சொல்லியாயிற்று, இனி மெதுவாக வருவார்கள். அந்த நினைப்பில் ஒரு விசித்திரமான ஆறுதல்கூட இருந்தது. திருடர்கள் என்றால் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, விடிந்ததும், நடந்தாவது வேலைக்குப் போகலாம். வார்டில் இரவுமுறைச் செவிலி சாராம்மா ஒற்றையாக நின்று, இவள் வருவதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீது எழுந்து பல் விளக்குவாள். எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

அப்போது குரல் கேட்டது.

"சிஸ்டரே."

அப்புக்குட்டனின் குரல். ஆனால் வலப்பக்கத்துச் சரிவிலிருந்து. அவன் இறங்கியது இடப்பக்கம்.

"சிஸ்டரே, டார்ச்சு போச்சு. எங்க நிக்கேன்னு தெரியல்ல. ஒரு ஹார்ன் அடியுங்க, சத்தம் பாத்துக் கேறி வந்திருதேன்."

அவள் கை முன்னிருக்கைக்கு மேலாக நீண்டது. நடுவழியில் நின்றது. சாலையைக் கடக்காமல் ஒருவன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போக முடியாது. சாலையை யாரும் கடக்கவில்லை; அவள் இமைக்காமல் பார்த்திருந்தாள். ஹார்ன் அடித்தால் அவனுக்கு வழி தெரியும். அவனுக்கு மட்டுமா தெரியும்? 

"கேக்குதா? ஒருக்கா அடியுங்க. போதும்."

அவள் மூச்சை அடக்கினாள். அந்தக் குரல் மரங்களுக்கு நடுவே இடம் மாறியது, சற்று மேலே, சற்றுக் கீழே, பிறகு மிகவும் தள்ளி. ஓடுகிறவனுக்கு இரைப்பதுபோல அதில் இரைப்பு இருந்தது.

"ஹார்ன் அடி மக்கா. எனக்கப் பக்கத்துல ஆளு நிக்கியது. ஒண்ணும் பேசமாட்டேங்குது. அடி மக்கா."

மக்கா.

பெற்ற பிள்ளையை அழைக்கும் சொல். மூன்று ஆண்டுகளில் அவன் அவளைச் சிஸ்டர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி அழைத்ததில்லை. அவனுடைய எல்லாக் கிண்டலுக்கும் நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் வழுவியதில்லை. அவளுக்குள் ஏதோ உறுதியாகித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. இது அவனில்லை. அவனுடைய தொண்டையைப் பெற்ற யாரோ. அவளை எப்படி அழைப்பது என்று தெரியாத யாரோ. அவள் கையைத் திரும்ப இழுத்து, மடியில் வைத்து, மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா."

இன்னும் ஒருமுறை, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வதுபோல. அதன்பின் இல்லை.

வலப்பக்கத்து இருட்டிலும் விளக்குகள் இருந்தன. எப்போது வந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூரைமேல் நீர் சொட்டியது. கிழக்கே ஏதோ ஒரு வெளிறல் தொடங்கியிருக்கவேண்டிய நேரம். தொடங்கவில்லை. இடப்பக்கத்து விளக்குகளில் ஒன்று தன் வரிசையை விட்டு விலகி, சரிவில் ஏறி, சாலைக்கு வந்தது. நேராக வண்டியை நோக்கி வந்து, கதவுக்கு ஒரு கை தூரம் விட்டு, நின்றது.

"சிஸ்டர், பயப்பிடாண்டாம். நான்தான்."

அதே குரல். விளக்குக்குக் கீழே முகம் ஒரு கருமையாகத் தெரிந்தது. சட்டை அப்புக்குட்டனுடையது. கையில் கேன்.

அவள் கண்ணாடியை விரலளவுகூட இறக்கவில்லை. "நெத்தியில விளக்கு ஏது?"

"அவங்க தந்தாங்க. டார்ச்சில பேட்டரி தீந்துபோச்சு சிஸ்டர்."

"என்னைக் கூப்பிட்டது ஆரு? ஹார்ன் அடிக்கச் சொன்னது?"

"நான் கூப்பிடல்லை. தெரியாத சத்தம் கேட்டா ஹார்ன் அடிக்காண்டாம். சிஸ்டர் செஞ்சது சரியாக்கும்."

அந்தச் சொற்கள் அவளுடைய கழுத்து நரம்புகளைத் தளர்த்தின. இருந்தும் கேட்டாள். "நனைஞ்ச மரத்துல எவன் வெட்டுவான்?"

"ஆரும் வெட்டமாட்டாங்க. இவங்க வெட்டுகாரங்க இல்லை, கரண்டு ஆபீஸ் ஆளுவ. மழையில லைன் அறுந்து தோட்டத்துக்குள்ள கிடக்கு. அதைத் தேடுதாங்க."

கிளம்பும்போது ஊரில் மின்சாரம் இல்லை. ஆம். வரும் வழியில் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. ஆம். அறுந்த கம்பியைத் தேடுகிறவன் மரத்துக்கு மரம் நின்று பார்க்கத்தான் செய்வான். கிளையை வெட்டிப் போட்டதும் அவர்களாகவே இருக்கும்.

"உங்க மவளுக்கப் பிரசவம் ஆரு பாத்தது?"

"சிஸ்டர்தான். பிஜு பிறந்தது சிஸ்டருக்க கையில. அந்த நன்றி எனக்கு என்னைக்கும் உண்டு."

அவன் அதை ஒருபோதும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. கிண்டல் இல்லை, இளிப்பு இல்லை. ஆபத்து நேரத்தில் ஒரு மனிதன் எப்படிப் பேசவேண்டுமோ அப்படிப் பேசினான். இத்தனை நாளும் இவனைத் தவறாக எண்ணிவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அடங்குவதில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும், கேட்டவரின் மனம் விரும்பிய பதிலே கிடைக்கும்போது மட்டுமே அது தூங்குகிறது. அவள் முன்கதவின் பூட்டைத் திறந்தாள்.

அவன் உள்ளே வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் அமர்ந்தான்.

"பெல்ட் மாட்டாண்டாமா?"

"கீழ ஒரு வீடு உண்டு சிஸ்டர். அங்க வச்சு மாட்டலாம். அவங்க தள்ளித் தருவாங்க."

பின்கண்ணாடி வெளுத்தது. திரும்பிப் பார்த்தாள். விளக்குகள் வண்டிக்குப் பின்னால் கூடியிருந்தன, ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே உயரத்தில். வண்டி அசைந்தது. நகர்ந்தது. நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவர்கள் ஒருவரையொருவர் ஏசுவார்கள், தம் கட்டுவார்கள், வழுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. காலடி ஓசையும் இல்லை. தாரின் மேல் சக்கரம் ஈரத்தைப் பிரிக்கும் மெல்லிய சீறல் மட்டும்.

அப்புக்குட்டன் அமர்ந்தால் அந்த இருக்கையின் ஸ்பிரிங் முனகும். இப்போது முனகவில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது. அவனைச் சுற்றி எப்போதும் இருக்கும் பீடி நாற்றமும் இல்லை. புளித்த பாலின் வாடை. நெருக்கத்தில். கனமாக.

"அண்ணா."

"சொல்லுங்க சிஸ்டர்."

"இது நெய்யாற்றின்கரை வழிதானே?"

"ஆமா சிஸ்டர்."

வண்டி சாலையை விட்டுத் திரும்பியது. தார் முடிந்து சருகு தொடங்கியது. இரு பக்கமும் மரங்கள் கண்ணாடிக்கு நெருங்கின.

கதவுப்பிடியை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபக்கம். திறக்கவில்லை. வெளியே, கண்ணாடியை ஒட்டி, விளக்குகள். இரு புறமும். கூடவே நடந்தன.

அவன் முன்விளக்கைப் போட்டான்.

முதல் வரிசையில், முதல் மரத்தில், அப்புக்குட்டன் நின்றான்.

முதுகு பட்டையோடு சேர்ந்திருந்தது. கட்டியிருந்த கயிறு எதுவும் தெரியவில்லை. சட்டை இல்லை. இடத் தோளின் உச்சியிலிருந்து மார்பின் குறுக்கே வலது விலா வரை ஒரு வெட்டு. சாய்வாக. ஒரே சீராக. கைதேர்ந்தவன் இழைத்த வெட்டு. அது முடியும் இடத்தில் ஒரு சிறு தகரம் செருகியிருந்தது. தகரத்துக்குக் கீழே சிரட்டை. வெட்டின் ஓரமாக இறங்கி, தகரத்தின் நுனியில் திரண்டு, சிரட்டையில் சொட்டியது வெள்ளையாக இருந்தது. சிவப்பாக இருந்திருந்தால் பிரேமகுமாரிக்கு என்ன செய்வதென்று தெரியும். பஞ்சை வைத்து அழுத்தத் தெரியும், கட்டத் தெரியும், ஆளைக் கூப்பிடத் தெரியும். வெள்ளையாக இருந்தது.

அவனுடைய கண்கள் திறந்திருந்தன. முன்விளக்கின் ஒளியில் அவை சுருங்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. இடமும் வலமும் தேடிக்கொண்டிருந்தன. உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை. ஆயினும் அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரிந்தது.

வண்டி நின்றது. விளக்குகளும் நின்றன.

அவள் முன்னால் பாய்ந்து, இருக்கையின் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டினாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தவன் தடுக்கவில்லை. மரியாதையாகச் சற்று விலகி, அவளுடைய கைக்கு இடம் கொடுத்தான்.

ஹார்னை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மரத்தில் இருந்தவனின் கண்கள் தேடுவதை நிறுத்தின. முகம் ஒலி வந்த பக்கம் திரும்பியது. வழி கிடைத்துவிட்டவனின் நிம்மதி அந்த முகத்தில் பரவியது. முதுகு பட்டையிலிருந்து ஓர் அங்குலமும் பிரியாமல், சிரட்டை தளும்பாமல், அவனுடைய கால்கள் அவளை நோக்கி நடக்கத் தொடங்கின. ஈரச் சருகை மிதித்து, மிதித்து, நின்ற இடத்திலேயே, வேகமாக, இன்னும் வேகமாக, அவை நடந்துகொண்டே இருந்தன.